மூன்று சுழி ஆணி, இரண்டு சுழி ஆனி

ஆனி மாதம் பாதி தாண்டியதும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்துவிடும். நாளை அதிகாலை முதல் 'அல்ஃபீலியன்' என்ற நிகழ்வாம். பூமிக்கும் சூரியனுக்கும் வழக்கமாக 9 கோடி கிலோமீட்டர்தானாம், இப்போது 15 கோடியே 20 லட்சமாகப் போகிறதாம். 66 சதவீதம் அதிகம். குளிரும், சளி பிடிக்கும், வெந்நீர் குடியுங்கள். கடைசியில் கைகூப்பும் பொம்மை இரண்டு. அனுப்புவது எப்போதும் என் பெரியம்மா.

வெந்நீர் குடிப்பதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. அந்த 66 சதவீதம்தான் உறுத்தும். முழுப் பொய்யாக இருந்தால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். இதில் பாதி நிஜம். ஜூலை முதல் வாரத்தில் பூமி சூரியனிலிருந்து மிகத் தொலைவில் இருப்பது உண்மை. அந்தத் தொலைவு 15 கோடியே 21 லட்சம் கிலோமீட்டர், ஆக செய்தி சொல்வதும் ஏறக்குறைய சரி. பொய் இருப்பது அந்த 9 கோடியில். நிஜத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் வரும்போதே தூரம் 14 கோடியே 71 லட்சம். கூடுதல் வெறும் மூன்றரை சதவீதம்.

ஒருமுறை, பெரியம்மாவின் கணக்கு உண்மையாக இருந்தால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்த்தேன். சூரிய வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 9 கோடியிலிருந்து 15.2 கோடிக்குப் போனால், கிடைக்கும் வெயில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்காகிவிடும். வெந்நீரெல்லாம் போதாது. நம் சூரியக் குடும்பத்தின் எட்டுக் கோள்களில் எதற்கும் அவ்வளவு கோணலான பாதை கிடையாது. அதிகக் கோணல் புதனுக்குத்தான், அதுகூட அந்த அளவுக்கு இல்லை. நம் பூமியில் ஜூலைக்கும் ஜனவரிக்கும் வெயிலில் உள்ள வித்தியாசம் 7 சதவீதம். அதிலும் கூடுதல் வெயில் விழுவது, நாம் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளும் மார்கழியில். வெயில் காலத்தையும் பனிக்காலத்தையும் தீர்மானிப்பது 23.4 பாகை சாய்ந்து நிற்கும் பூமியின் அச்சு. தூரத்துக்கு அதில் பெரிய பங்கில்லை.

இதை அப்படியே குழுவில் எழுதினேன். யாரும் படித்ததாகத் தெரியவில்லை. அக்கா மகள் மட்டும் தனியாக ஒரு படம் அனுப்பினாள். அவளுடைய ஒன்பதாம் வகுப்புப் புத்தகப் பக்கம். "இதுல பூமி ரொம்ப தூரம் போயிட்டு வருதே மாமா?"

அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நடுவில் சூரியன், சுற்றிலும் கோழிமுட்டையை நசுக்கியதுபோல ஒரு பாதை, அதில் நான்கு இடத்தில் பூமி. வரைந்தவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஒரு தாம்பாளத்தைத் தரையில் வைத்து, தள்ளி உட்கார்ந்து பார்த்தால் முட்டை வடிவமாகத்தான் தெரியும். சாய்ந்த கோணத்திலிருந்து வரைந்த படம் அது. ஆனால் அதைப் படத்தின் அடியில் யாரும் எழுதிவைப்பதில்லை. மேலே "கோள்கள் நீள்வட்டப் பாதையில் சுற்றுகின்றன" என்று ஒரு வரி, கீழே நசுங்கிய முட்டை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் எந்தப் பிள்ளையும் பெரியம்மாவின் முடிவுக்குத்தான் வரும். நானும் கல்லூரி முடிக்கும்வரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். புது பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி மாடியில் கிடந்தது. அதைப் பிரித்து, ஒரு பழைய பலகைமேல் விரித்தோம். இரண்டு சின்ன ஆணி, ஒரு மீட்டர் நூல், ஒரு பென்சில். நூலின் இரு முனைகளையும் இரண்டு ஆணியில் கட்டி, பென்சிலால் நூலை இழுத்துப் பிடித்தபடியே சுற்றினால் நீள்வட்டம் வந்துவிடும். பென்சில் எங்கே இருந்தாலும் இரண்டு ஆணியிலிருந்தும் அதன் தூரத்தைக் கூட்டினால் ஒரு மீட்டர்தான். ஆணி இருக்கும் இடங்களுக்குக் குவியங்கள் என்று பெயர். சூரியன் ஒரு ஆணியில் இருக்கிறது.

இதில் ஒரு வசதி உண்டு. ஆணிகளுக்கு இடையே உள்ள தூரத்தை நூலின் நீளத்தால் வகுத்தால் வருவதுதான், கணக்குப் புத்தகத்தில் e என்று வரும் மையத்தொலைத்தகவு. நூல் ஒரு மீட்டராக இருந்தால் வகுக்கக்கூட வேண்டாம். பூமியின் தகவு 0.0167, ஆணிகளை 1.67 சென்டிமீட்டர் இடைவெளியில் அடி. செவ்வாய் 0.093, இடைவெளி 9.3 சென்டிமீட்டர். புதன் 0.206, 20.6 சென்டிமீட்டர்.

முதலில் பூமி. ஆணி இரண்டும் ஒட்டி ஒட்டி நின்றன. நூல் சிக்கியது, அவள் அலுத்துக்கொண்டாள், மறுபடி கட்டினோம். வரைந்து முடித்ததும் எழுந்து நின்று பார்த்தாள்.

"இது வட்டம் மாமா."

வட்டம்தான். கணக்குப்படி அதன் நீளம் ஒரு மீட்டர், அகலம் அதைவிட 0.14 மில்லிமீட்டர் குறைவு. பென்சில் கோட்டின் தடிமன் அதைவிட அதிகம். எங்கள் நூல் இழுபட்ட இழுவையில் எங்கள் 'பூமி' எந்தப் பக்கம் நசுங்கியிருந்ததோ, யாருக்குத் தெரியும். ஆனால் சூரிய ஆணி மட்டும் நடுவிலிருந்து 8 மில்லிமீட்டர் தள்ளி நின்றது. ஸ்கேலே வேண்டாம், உற்றுப் பார்த்தாலே தெரிந்தது.

செவ்வாய்க்கு வரைந்தபோது அகலம் 4 மில்லிமீட்டர் சொச்சம் குறைந்தது. ஒரு மீட்டரில் 4 மில்லிமீட்டர். சொல்லாமல் காட்டினால் யாரும் வட்டமென்றே சத்தியம் செய்வார்கள். சூரியனோ நடுவிலிருந்து நாலரை சென்டிமீட்டருக்கும் மேல் விலகிவிட்டது. பெருங்கோணல் என்று பேர் வாங்கிய புதனுக்கே அகலம் 2 சென்டிமீட்டர்தான் குறைந்தது. அங்கே சூரியன் 10 சென்டிமீட்டர் தள்ளி. கண்ணுக்கு உண்மையிலேயே நீள்வட்டமாகத் தெரிய வேண்டுமென்றால் ஹாலி வால்நட்சத்திரத்துக்குப் போக வேண்டும். தகவு 0.967. ஆணிகளுக்கு இடையே 96.7 சென்டிமீட்டர், நூலில் தளர்ச்சியே இல்லை, அகலம் 25 சென்டிமீட்டராகச் சுருங்கிவிட்டது. அதற்குத்தான் புத்தகத்துப் படம் பொருந்தும்.

ஆக, அந்தப் படத்தில் இரண்டு தப்பு, இரண்டும் நேர் எதிர். வட்டமாக இருக்க வேண்டிய பாதை நசுங்கியிருக்கிறது. தள்ளி இருக்க வேண்டிய சூரியன் நடுவில் இருக்கிறது. கோள்களைப் பொறுத்தவரை நீள்வட்டம் என்ற சொல்லை மறந்துவிட்டு, 'நடு தவறிய வட்டம்' என்று நினைத்துக்கொண்டாலே முக்கால்வாசி புரிந்துவிடும். மையத்தொலைத்தகவு என்ற சொல்லைப் பள்ளியில் மனப்பாடம் செய்தபோது கரடுமுரடாக இருந்தது. இப்போது பிரித்துப் பார்த்தால், மையத்திலிருந்து உள்ள தொலைவின் தகவு. வடிவத்தைப் பற்றி அந்தச் சொல் ஒன்றுமே சொல்லவில்லை. விலகலை மட்டும்தான் சொல்கிறது. பாடநூலில் இதைவிட நேர்மையான கலைச்சொல் குறைவு.

கணக்கில் ஏன் இப்படி வருகிறது என்றால், விலகல் e அளவுக்குப் போகும்போது நசுக்கம் e-யின் வர்க்கத்தில் பாதி அளவுக்குத்தான் போகும். 0.0167 ஏற்கெனவே சின்ன எண், அதன் வர்க்கம் தூசு.

"சரி, இன்னொரு ஆணியில என்ன இருக்கு மாமா?"

ஒன்றுமில்லை என்றுதான் சொல்லித் தொலைத்தேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில்தான் நல்ல பதில் தோன்றியது. அந்தக் காலி ஆணியில் நின்று பார்த்தால், கோள் ஏறத்தாழ ஒரே வேகத்தில் சுற்றுவதுபோலத் தெரியும். இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் இருந்த வானியலாளர் தாலமி, கோள்களின் ஓட்டத்தைக் கணக்கிட, மையத்துக்கு இந்தப் பக்கம் பூமியையும் அதே தூரத்தில் அந்தப் பக்கம் ஒரு வெற்றுப் புள்ளியையும் வைத்துக்கொண்டார். அந்தப் புள்ளியிலிருந்து பார்த்தால் கோளின் ஓட்டம் சீராக இருக்கும் என்று வைத்துக் கணக்குப் போட்டார். சூரியன் இருக்க வேண்டிய இடத்தில் பூமியை வைத்தது பிசகு. ஆனால் நீள்வட்டம் யாருக்கும் தோன்றாத காலத்திலேயே அதன் இரண்டு ஆணியும் அவர் படத்தில் இருந்தன.

பாதை வட்டமில்லை என்று கண்டுபிடிக்க இன்னும் ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அட்டையில் 4 மில்லிமீட்டரைப் பார்த்த பிறகுதான் அதற்கான காரணம் எனக்கு உறைத்தது.

1600-இல் யோகன்னஸ் கெப்ளர் என்ற வானியலாளர், பிராக் நகருக்கு அருகே டைக்கோ பிராகே என்ற மூத்த வானியலாளரிடம் வேலைக்குச் சேர்ந்தார். தொலைநோக்கி இல்லாத காலம். வெறும் கண்ணையும் பெரிய பெரிய அளவுகோல்களையும் வைத்து டைக்கோ இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வானத்தை அளந்து வைத்திருந்தார். கெப்ளர் கைக்கு வந்தது செவ்வாயின் பாதையைக் கணக்கிடும் வேலை. எட்டு நாளில் முடித்துக் காட்டுகிறேன் என்று பந்தயம் கட்டினாராம். ஐந்து ஆண்டு ஆனது. இடையில் 1601-இல் டைக்கோ இறந்தார். அளவீடுகள் யாருக்குச் சொந்தம் என்று அவர் குடும்பத்தோடு இழுபறி வேறு.

செவ்வாய் கிடைத்தது அதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும். வெள்ளியின் தகவு 0.007, அதை வைத்துக்கொண்டு ஆயுள் முழுக்க உட்கார்ந்திருந்தாலும் வட்டத்தைத் தவிர எதுவும் வந்திருக்காது. புதன் சூரியனை விட்டு விலகாது, அளப்பது கடினம். செவ்வாய் ஒன்றுதான் போதுமான கோணலும் போதுமான வெளிச்சமும் கொண்டது.

அவர் செய்ததில் எனக்கு மிகப் பிடித்தது செவ்வாயைக் கணக்கிடுவதற்கு முன்னால் செய்தது. நாம் நிற்கும் பூமியே ஓடிக்கொண்டிருக்கிறது, அதன் பாதை தெரியாமல் வேறொன்றின் பாதையை எப்படி அளப்பது? செவ்வாய் 687 நாளில் ஒரு சுற்று முடித்துப் பழைய இடத்துக்கே வந்துவிடும். அந்த 687 நாளில் பூமி இரண்டு சுற்றை முடித்திருக்காது, வேறோர் இடத்தில் நிற்கும். ஆகவே டைக்கோவின் ஏடுகளில் 687 நாள் இடைவெளி விட்டு விட்டுத் தேடினால், அசையாமல் நிற்கும் ஒரு செவ்வாயை வெவ்வேறு இடத்திலிருந்து பார்த்த குறிப்புகள் கிடைக்கும். கலங்கரை விளக்கத்தை வைத்துப் படகின் இடத்தைக் கண்டுபிடிப்பதுபோல, செவ்வாயை விளக்காக நட்டு, பூமி போகும் பாதையை வரைந்துவிட்டார் மனுஷன்.

பிறகு செவ்வாய்க்கு நடு தவறிய வட்டம் ஒன்றைப் பொருத்திப் பார்த்தார். எல்லாம் கூடிவந்து ஓரிடத்தில் 8 கலை இடித்தது. ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை. முழுநிலாவின் அகலத்தில் கால்வாசிதான் 8 கலை. வேறு யாராவது அளந்திருந்தால் அளவுப் பிழை என்று விட்டிருக்கலாம். டைக்கோ அவ்வளவு பிழை விடமாட்டார் என்பது கெப்ளருக்குத் தெரியும். வட்டத்தைக் கைவிட்டார். முட்டை வடிவத்தைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் மல்லாடினார். கடைசியில், வட்டத்துக்கும் உண்மையான பாதைக்கும் நடுவே விழும் பிறைபோன்ற இடைவெளி, அகலமான இடத்தில், ஆரத்தை 1,00,000 பங்காக்கினால் 429 பங்கு என்று வந்தது. வேறொரு கணக்கில் ஒரு கோணத்தின் வெட்டுக்கோடு (secant) மதிப்பு 1,00,429 என்று வந்ததைத் தற்செயலாகப் பார்த்தபோது, தூக்கத்திலிருந்து விழித்தவன்போல் ஆனேன் என்று அவரே எழுதியிருக்கிறார். அதைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் 1605-இல் நீள்வட்டத்தில் முடிந்தது. புத்தகம் வந்தது 1609-இல்.

429 பங்கு என்பது எங்கள் அட்டையில் பக்கத்துக்கு 2 மில்லிமீட்டர். நாங்கள் நூல் இழுபட்டதென்று விட்டுவிட்ட அளவு.

அவர் கண்ட இன்னொரு விஷயம்தான் எனக்கு வீட்டுச் சுவரில் கிடைத்தது. சூரியனை நெருங்கும்போது கோள் வேகமாக ஓடும், விலகும்போது மெதுவாகும். மேலே எறிந்த கல் ஏற ஏறத் தளர்ந்து உச்சியில் ஒரு கணம் தயங்குகிறதே, அதே கதை. பூமி ஜனவரி 3, 4 வாக்கில் சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறது, வேகம் நொடிக்கு 30.29 கிலோமீட்டர். அங்கிருந்து ஆறு மாதம் மேலே ஏறி, ஜூலை 4 வாக்கில் உச்சியில் 29.29.

நம் பக்கக் காலண்டரில் பார்த்தால் ஜனவரி 3 மார்கழி 19. ஜூலை 4 ஆனி 20.

தமிழ் மாதம் என்பது சூரியன் ஒரு ராசியைக் கடக்கும் காலம். ராசி ஒவ்வொன்றும் சரியாக 30 பாகை. பிப்ரவரிக்கு 28 நாள் என்பது ரோமானியர் வைத்த கணக்கு, வானத்தில் அதற்குக் காரணம் தேட முடியாது. தமிழ் மாதங்களின் நாள் கணக்கு அப்படியில்லை. மார்கழியில் சூரியன் நாளுக்கு 1.02 பாகை நகர்வதாகத் தெரிகிறது. 30-ஐ அதால் வகுத்தால் 29.4. ஆனியில் 0.953 பாகை, வகுத்தால் 31.5. தினசரி காலண்டரைக் கிழித்து எண்ணிப் பாருங்கள். மார்கழி பெரும்பாலும் 29, எப்போதாவது 30. ஆனி 31 அல்லது 32. பூமியின் கோணல் பாதை சமையலறைச் சுவரில், ராகு காலத்துக்கும் மேல்நோக்கு நாளுக்கும் பக்கத்தில், தொங்கிக்கொண்டிருக்கிறது.

இதைச் சொன்னால் "எல்லாம் நம்ம முன்னோருக்கு அப்பவே தெரியும்" என்று ஒரு கூட்டம் கிளம்பும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். சித்தாந்தங்கள் எனப்படும் நம் பழைய வானியல் நூல்களில் நீள்வட்டம் கிடையாது. பெரிய வட்டத்தின்மேல் சிறு வட்டம் வைத்துத்தான் கணக்கிட்டார்கள். ஆனால் சூரியன் மந்தமாகும் புள்ளிக்கு மந்தோச்சம் என்று பெயரிட்டு, சூரிய சித்தாந்தம் அதை மிதுனத்தில் வைத்தது. மிதுனம் என்றால் ஆனி. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. நட்சத்திரங்களை வைத்துப் பார்த்தால் அந்தப் புள்ளி நகர்வது சில நூறு ஆண்டுகளுக்கு ஒரு நாள் அளவுக்குத்தான். கிரேக்கத்து வானியலாளர் ஹிப்பார்க்கஸும் பருவங்களின் நாள்களை எண்ணியே, கிறிஸ்துவுக்கு முந்தைய இரண்டாம் நூற்றாண்டில், சூரியனின் வட்டத்தை நடு தவற வைத்தார்.

ஒரு சின்னத் திருத்தம், கணக்குப் பிரியர்களுக்கு. பழையவர்கள் சூரியன் சீரான வேகத்தில் போவதாக வைத்துக்கொண்டதால், மாத வித்தியாசம் முழுவதையும் விலகலின் தலையில் கட்டினார்கள். டைக்கோவிடம்கூட 0.036 என்ற எண்தான். கெப்ளர், பாதி மாற்றம் தூரத்தால், மறுபாதி உண்மையான வேக மாறுதலால் என்று பிரித்து, விலகலை 0.018 ஆக்கினார். இன்றைய 0.0167-க்கு அது மிக அருகில்.

தனுஷ்கோடி பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. 2010 ஜனவரி 15, தை அமாவாசை. கங்கண சூரிய கிரகணம். வடிகட்டிக் கண்ணாடியோடு மணலில் நின்றோம். மதியம் ஒரு மணிக்கு மேல் சூரியன் வளையமானது, ஆனது ஆனபடியே பத்து நிமிடத்துக்கு மேல் நின்றது. இந்த ஆயிரமாண்டின் மிக நீண்ட வளைய கிரகணம் அது. காரணம் இரண்டு கோணல் ஒன்றாகச் சேர்ந்தது. பூமி சூரியனுக்கு அருகில் வந்து 12 நாள்தான் ஆகியிருந்தது, அதனால் சூரியன் கொஞ்சம் பெரிசு. நிலாவோ தன் பாதையின் தொலைகோடியை எட்ட இரண்டு நாள் இருந்தது, அதனால் சிறிசு. நிலாவின் தகவு 0.055, பூமியைப்போல மூன்று மடங்கு. சிறிய மூடி பெரிய பாத்திரத்தை மூட முடியாமல் சுற்றிலும் விளிம்பு தெரிந்தது. அன்றைக்கு இதெல்லாம் எனக்குத் தெரியாது. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவே.

போன மார்கழியில் ஊருக்குப் போயிருந்தேன். விடியற்காலையில் பெரியம்மா வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். நான் காப்பி டம்ளரோடு படியில் உட்கார்ந்து, அட்டை, நூல், ஆணி எல்லாவற்றையும் சொன்னேன்.

"எந்த ஆணிடா? மூணு சுழியா, ரெண்டு சுழியா?"

"ரெண்டும்தான் பெரியம்மா. மூணு சுழி ஆணி நடுவுல இல்லாததாலதான் ரெண்டு சுழி ஆனிக்கு முப்பத்திரண்டு நாள். அதாலதான் மார்கழிக்கு இருபத்தொம்பது."

கோலப்பொடி விழுந்துகொண்டிருந்த கை நின்றது.

"திருப்பாவை முப்பது பாட்டு. நாளுக்கு ஒண்ணு. எங்க அம்மா காலத்துலேர்ந்து, நாள் பத்தாத வருஷம் போகி அன்னிக்குக் கடைசி ரெண்டையும் சேர்த்துதான் படிக்கிறோம். அது இதனாலயா?"

"இதனாலதான்."

கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு புள்ளியை இணைத்தபடி சொன்னார்: "ஆனியில படிக்கச் சொல்லியிருந்தா ரெண்டு நாள் சும்மா உட்கார்ந்திருக்கலாம்."